வெட்டிய புளியமரமும் கணக்கில் சேரும்

ராமேஸ்வரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். பகலில் தூங்கிவிட்டு ராத்திரி தோப்பு தோப்பாக அலைந்தது இந்த முறைதான். சிலந்திகளைக் கணக்கெடுக்கும் நண்பர் ஒருவர், துணைக்கு ஆள் வேண்டும் என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

நாங்கள் தேடியது பொய்சிலோதேரியா ஹனுமவிலாசுமிகா. உள்ளங்கை அளவுள்ள மரச் சிலந்தி. 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் இதைப் புதிய இனமாக விவரித்தார்; இந்தத் தீவில் உள்ள அனுமார் கோயிலின் பெயரைத்தான் அது சுமக்கிறது. 2008-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அதை மிகவும் அழிவு நிலையில் இருக்கும் உயிரினங்களோடு சேர்த்தது.

இருட்டியதும் சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சோடு இறங்குவோம். பழைய புளியமரங்களில் பொந்து இருக்கிறதா, பனையில் காய்ந்த மட்டை இடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தின் சுற்றளவு, பொந்தின் உயரம், ஜி.பி.எஸ். எண், நேரம் எல்லாம் நோட்டில் ஏறும். சிலந்தி இல்லாத மரத்தையும் நண்பர் விடாமல் எழுதினார். இரண்டு ராத்திரியும் 'இல்லை', 'இல்லை' என்றே பக்கங்கள் நிரம்பின.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு தோப்பு வாசலில் வயதான அம்மா நிறுத்திக் கேட்டார். விஷயத்தைச் சொன்னோம்.

"பெரிய எட்டுக்கால் பூச்சியா? அந்தா, அந்தப் புளியமரத்துல இருந்துச்சே தம்பி. மரத்தத்தான் போன வருஷம் வெட்டிட்டாங்க."

அவர் கை காட்டிய இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு, வேறொரு மரத்தில் பார்த்துவிட்டோம். பட்டையோடு பட்டையாகச் சாம்பல் நிறம். பொந்து வாயில் கால்களைப் பரப்பி, இரைக்காக அசையாமல் காத்திருந்தது. மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று தள்ளியே நின்றேன். எந்தத் தோப்பு என்று இங்கே எழுத மாட்டேன். வளர்ப்புக்காகப் பிடித்து விற்பவர்களுக்கு ஊர்ப் பெயர் ஒன்றே போதும்.

ஊர் திரும்புமுன் தனுஷ்கோடி போனோம். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 2015-இல் இதே சிலந்தி மன்னார்ப் பக்கமும் பதிவாகியிருக்கிறது. பனியூழியில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்த காலத்தில் இரண்டு கரையும் ஒரே நிலம். நீந்தத் தெரியாத ஒரு பூச்சி இரு பக்கமும் இருப்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் அதுதான்.

பஸ்ஸில் நண்பர் நோட்டைத் திறந்து கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: 'புளி. அடிக்கட்டை. முன்பு இருந்ததாகத் தோப்புக்கார அம்மா சொன்னார்.'