பந்துக்கு முந்தக் கூடாது

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்தில் ஒரு சின்னக் கால்பந்து மைதானத்தில் என் மகன் கோல் போட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. பந்து வலைக்குள் போனதைக் கண்ணாரக் கண்டேன். நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து சேரும்போது ஊரே சேர்ந்து எழுப்புகிற அந்தக் குரலில் கத்தினேன். வேறு யாரும் கத்தவில்லை. நடுவர் ஒரு கையை வானத்தை நோக்கி உயர்த்தியபடி நின்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், டிராம் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, அது கோல் இல்லை. அப்ஸைட்ஸ். இனிமேல் தெரியாமல் கத்தாதே."

சுருக்கென்று தைத்தது. அவனுக்கு ஒவ்வொரு சொல்லாக ஊட்டி வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாத ஒரு சொல்லை வைத்து அவன் என் வாயை அடைத்துவிட்டான். அன்றிரவு அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆஃப்சைடு என்பதற்கு ஜெர்மானியர்கள் வைத்திருக்கும் பெயர்தான் அப்ஸைட்ஸ். ஒதுக்குப்புறம், விலகிய இடம் என்று பொருள். ஊரோடு சேராமல் ஓரத்தில் நிற்கிற மனிதரைப் பற்றியும் இதே சொல்லால் பேசுவார்களாம். வந்து மூன்று வருடமாகியிருந்த எனக்கு அந்த இரண்டாவது பொருளை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

கிரிக்கெட் எனக்கு நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே எல்.பி.டபிள்யூ. விதியைக் கற்றுக்கொண்டவள். கால்பந்தில் கையால் தொடக் கூடாது, ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர், நாற்பத்தைந்து நிமிடமாக இரண்டு பாதி என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டன. பெனால்டிக்கு இங்கே 'எல்ஃப்மேட்டர்' என்று பெயர். பதினொரு மீட்டர் தூரத்திலிருந்து உதைப்பதால் பதினொரு மீட்டர் என்றே அழைக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆஃப்சைடு மட்டும் பிடி கொடுக்கவே இல்லை.

கடைசியில் அதைக் கற்றுக்கொடுத்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. அவருடைய கணவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இறந்து பல வருடமாகிறது. அவர் உயிரோடு இருந்த வரை வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியத்தின் தெற்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் ஆட்டம் பார்ப்பார்களாம். அந்தப் பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கலாம். மஞ்சள் சுவர் என்று அதற்குப் பெயர். டோர்ட்முண்ட் அணியின் நிறம் மஞ்சளும் கறுப்பும். நாங்கள் வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரயில் நிலையம் முழுக்க மஞ்சள் உடையாக இருந்ததைப் பார்த்து, சமயபுரத்துக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார்களோ என்று ஒரு நொடி மனசு துள்ளியது.

பாட்டி என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆட்டத்தை வைத்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்றார். தாயம் விளையாட ஆச்சி தேய்த்துக் கொடுத்த புளியங்கொட்டைகள் ஆறு என்னிடம் இருந்தன. சிமெண்டுத் தரையில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து, கறுப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரியும்படி ஆச்சி செய்தவை. வெள்ளை மேலே இருந்தால் ஓர் அணி, கறுப்பு மேலே இருந்தால் இன்னோர் அணி. பந்துக்கு ஒரு கொண்டைக்கடலை.

இரண்டு கறுப்பைக் கோலுக்கு அருகே முன்னும் பின்னுமாக வைத்தார். பின்னால் இருப்பது கோல்கீப்பர், முன்னால் இருப்பது தடுப்பாட்டக்காரர். ஒரு வெள்ளையை அந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். இன்னொரு வெள்ளையின் அருகில் கடலையை வைத்து, ஆள்காட்டி விரலால் சுண்டினார். "இந்தக் கணம்தான்" என்றார். கூட்டாளி பந்தை உதைக்கிற அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் தாண்டி, கடைசி எதிராளிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி நிற்பவனுக்குப் பந்து போனால் ஆஃப்சைடு. பந்து வந்து சேரும்போது அவன் எங்கே இருக்கிறான் என்பது கணக்கே இல்லை. சமமாக நின்றால் பிழையில்லை. உதைத்த பிறகு எத்தனை வேகமாகவும் ஓடலாம். மூலையிலிருந்து உதைக்கும் கார்னர், ஓரக்கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோ, கோலுக்கு அருகிலிருந்து உதைக்கும் கோல் கிக் மூன்றிலிருந்தும் நேரே பந்து வந்தால் இந்த விதி கிடையாது.

எனக்குப் புரிந்துவிட்டது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அந்த முந்தலைத் தடுக்கிற விதி இது. இலை போடுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டு சோறு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. என் அரைகுறை ஜெர்மனில் இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பாட்டி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கிளித்தட்டில் கோடு தரையில் இருக்கும். சாம்பலைத் தூவியோ தண்ணீரை ஊற்றியோ நாமே போட்ட கோடு. இங்கே அந்தக் கோட்டை யாரும் போடுவதில்லை. தடுப்பாட்டக்காரர் ஓரடி முன்னே வைத்தால் கோடும் அவரோடு ஓரடி நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஓடிக்கொண்டே பார்க்கிறார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்புத்தான்.

எச்சரிக்க மஞ்சள், வெளியேற்றச் சிவப்பு என்று நடுவர் காட்டும் அட்டைகளின் கதையும் பாட்டி சொன்னதுதான். 1966 உலகக் கோப்பைக் கால் இறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. நடுவர் ருடோல்ஃப் கிரைட்லைன், ஜெர்மானியர். அர்ஜென்டினா அணித் தலைவர் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். நடுவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் நகராமல் நின்றார். அந்தப் போட்டிகளில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் இதையே நினைத்துக்கொண்டு காரில் போகையில், போக்குவரத்து விளக்கில் மஞ்சளும் சிவப்பும் மாறுவதைப் பார்த்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன. மொழி தெரியாதவருக்கும் புரியட்டும் என்று ஒருவர் அக்கறையோடு யோசித்திருக்கிறார். குடியேற்ற அலுவலகத்தில் கடிதமும் கையுமாக நின்ற நாட்களில் எனக்கு அப்படி ஓர் அட்டையை யாராவது காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போது நான் மைதானத்தில் பழகிவிட்டேன். பந்து வலையில் விழுந்தால் முதலில் நடுவரின் கையைத்தான் பார்க்கிறேன். மற்ற அம்மாக்கள் கேக் வைக்கும் மேசையில் என் சுசியமும் இருக்கிறது. ஆனாலும் ஆட்டம் முடிந்து மைதானம் காலியாகி, நனைந்த புல்லின் மணம் எழும்போது வ.உ.சி. மைதானத்தின் புழுதி மணம்தான் நினைவில் வந்து நிற்கிறது. தம்பி மட்டையோடு ஓடிவருவதும், திண்ணையில் ஆச்சி புளியங்கொட்டைகளை உள்ளங்கையில் குலுக்குகிற சத்தமும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். "பேரன் கோல் போட்டானா?" என்று கேட்டாள்.

"போட்டான். ஆனால் கணக்கில் சேரவில்லை" என்று சொல்லி, முழு விதியையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளை போட்டது போட்டதுதானே" என்றாள். பக்கத்தில் இருந்த மகன் அதைக் கேட்டு முகம் மலர்ந்தான்.

அவனுக்கு இப்போது ஆறு கொட்டைகள் போதவில்லை. இரண்டு அணியும் முழுதாக வேண்டுமாம். இந்த வருடம் புளியைக் கொட்டை எடுக்காமலே கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.