ஹார்டு டிஸ்க் திடீரென அறுந்துபோனால்: கேபிளா, டிஸ்க்கா?

லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைச் சேமிக்க முடியாமல் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' (படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது) என்று வந்தால், ரீபூட் பண்ண அவசரப்படாதீர்கள். லினக்ஸ் சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் அந்த நிலைக்குப் போயிருந்தால், அதற்குப் பிறகு வரும் பிழைச் செய்திகள் டிஸ்க்கில் எழுதப்படாது; ரீபூட் ஆனால் போச்சு. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் திரையைப் போட்டோ எடுங்கள்.

அதில் 'ஏடிஏ3' (ata3, டிஸ்க் மாட்டியிருக்கும் போர்ட்டுக்கு லினக்ஸ் தரும் எண்) போலத் தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். 'ஃபெயில்டு கமாண்ட்' என்ற வரியைப் பார்த்ததுமே டிஸ்க் செத்துவிட்டதென்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். எந்தக் கட்டளை தோற்றது என்பதை மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. காரணம் அதற்குக் கீழே, 'எரர்' வரியில் இருக்கும். அங்கே 'ஐசிஆர்சி' (ICRC) என்றிருந்தால் தரவு வழியில் சிதைந்திருக்கிறது: கேபிள், கனெக்டர், போர்ட் மூன்றில் ஒன்று. 'யுஎன்சி' (UNC) என்றிருந்தால் டிஸ்க்கால் அந்த செக்டாரையே (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) படிக்க முடியவில்லை. இதற்குக் கேபிள் மாற்றி உபயோகமில்லை. பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) வைத்து வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் வேலையை அன்றைக்கே தொடங்க வேண்டும்.

அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் (smartctl): டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் கணக்குகளைக் காட்டும் கட்டளை. அதில் வரிசை எண் 199 கேபிள் வழியில் நேர்ந்த சிஆர்சி பிழைகளின் (தரவு சிதைந்து வந்ததன்) எண்ணிக்கை. புதுக் கேபிள் போட்டாலும் இது பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. பழைய கணக்கு அப்படியே நிற்கும். ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, அது ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பழுதான செக்டார்களைக் கணக்கிடும் 5, 197, 198 மூன்றும் சும்மா இருந்து 199 மட்டும் ஏறினால், டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பல டிஸ்க் உள்ள மெஷினில் 'ஏடிஏ3' எது என்று குழப்பம் வரும். சிஸ் அடைவுக்குள் பிளாக் அடைவை (/sys/block) நீளப் பட்டியலாகப் (ls -l) பார்த்தால், ஒவ்வொரு டிஸ்க்கின் இணைப்புப் பாதையிலும் அந்த ஏடிஏ எண் தெரியும். ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் சீரியல் எண்ணை டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள்.

மெஷினை அணைத்து, டேட்டா கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். பூட்டுக் கிளிப் இல்லாத பழைய கேபிளாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கேபினட் கதவு அழுத்தி, கனெக்டர் பக்கத்திலேயே மடங்கிக் கிடக்கும் கேபிளும் சந்தேகத்துக்குரியதுதான். ஒரே நேரத்தில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றாதீர்கள். எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும்.

ஐசிஆர்சி, யுஎன்சி இரண்டும் இல்லாமல் 'டைம்அவுட்', 'ஹார்டு ரீசெட்டிங் லிங்க்' (டிஸ்க்குக்கும் போர்ட்டுக்குமான இணைப்பை மறுபடி தொடங்குவது) என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், எனக்கு முதல் சந்தேகம் பவர் மீதுதான். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு பவர் கனெக்டரைப் பலதாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றிலேயே நாலு டிஸ்க் தொங்கினால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு, பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் கனெக்டரில் மாட்டிப் பாருங்கள்.

மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில்தான் லிங்க் அறுகிறது என்றால் மின்சேமிப்பு அமைப்பு காரணமாக இருக்கலாம். லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பாலிசியை 'மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிச் சோதியுங்கள். லிபேடா ஃபோர்ஸ் (libata.force) என்ற கெர்னல் அளவுருவில் வேகத்தை 3.0 ஜிகாபிட்டுக்கு இறக்கச் சொல்லும் யோசனையும் அடிக்கடி கிடைக்கும். பிழை நின்றுவிடலாம், ஆனால் மோசமான கேபிள் அங்கேயேதான் இருக்கும். தரவை வெளியே எடுக்கும்வரை தாக்குப்பிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சரிசெய்தபின் டிடி (dd) கட்டளையால் டிஸ்க் முழுவதையும், வருவதை அப்படியே வீசிவிடும் டெவ் நல்லுக்குப் (/dev/null) படிக்கவிடுங்கள். பல மணி நேரம் ஆகும். அது முடிந்தும் 199 நகராமல், லிங்க் வேகமும் பழையபடி 6.0 ஜிகாபிட்டில் நின்றால், லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டலாம். போர்ட் மாற்றியிருந்தால் டிஸ்க்கின் பெயர் எஸ்டிபி-யிலிருந்து (sdb) எஸ்டிசி (sdc) ஆகிவிடக்கூடும். பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் (/etc/fstab), அந்தப் பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி (UUID) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பூட் செய்யுங்கள்.