ஸ ப ஸ ம ஸ க

2024 மார்ச் 26, செவ்வாய்

நேற்றுப் பங்குனி உத்திரப் பௌர்ணமி. அடுத்தது சித்திரைப் பௌர்ணமி, ஏப்ரல் 23, அழகர் ஆற்றில் இறங்கும் நாள். அதற்குள் இந்த ஒரு பாட்டைத் தடங்கலின்றி வாசித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். 24ஆம் தேதிக்கு அப்பால் எதையும் திட்டமிடுவதாக இல்லை.

பாட்டு, ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்'. இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஒரு குரல், ஒரு கிட்டார், நடுவே பியானோவில் சில சுரங்கள், அவ்வளவே. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிட்டாரைத் தொட்டுக்கொண்டிருப்பவன் என்ற மிதப்பில் ஒரே மாலையில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். விரல்கள் பழகிய இடங்களுக்கே போயின. பாட்டு அங்கே இல்லை.

மார்ச் 27

ஆறு தந்திகளையும் சி ஜி சி எஃப் சி இ என்று மாற்றிச் சேர்த்து, இரண்டாம் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் இரண்டாவது குறுக்குக் கம்பியில், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை இட வேண்டும். வழக்கமான இ ஏ டி ஜி பி இ வரிசையோடு ஒப்பிட்டால், தடித்த தந்தி நான்கு அரைச்சுரம் இறங்குகிறது. அடுத்த மூன்றும் இரண்டிரண்டு அரைச்சுரம் இறங்குகின்றன. ஐந்தாவதாக வரும் மெல்லிய தந்தி மட்டும் ஒன்று ஏறுகிறது. கடைசித் தந்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போன குடும்பத்தில் ஒருவர் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டதைப் போல அந்த ஒரு தந்தியை நம்பித்தான் மற்றவற்றைச் சேர்த்தேன்.

சி என்பதை ஸட்ஜமாகக் கொண்டால் வரிசை ஸ ப ஸ ம ஸ க என்று வருகிறது. இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு ஏதோ பிடிபட்டது. கேப்போ இட்டதும் சுருதி ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏறுகிறது. மத்தியமத் தந்தியில், கேப்போவுக்கு அப்பால் இரண்டாவது ஃபிரெட்டில் ஒரே ஒரு விரலை வைத்தால் ம என்பது ப ஆகிவிடுகிறது, கிட்டார் முழுவதும் கலப்பற்ற ஸ க ப ஆக ஒலிக்கிறது. விரலை எடுத்தால் மறுபடி மத்தியமம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்றிரவு ஒரு மணி நேரம் இதை மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

மார்ச் 29

அறிக்கை வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

தடித்த தந்தி இரைகிறது. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்று பள்ளியில் படித்தது இப்போது காதருகே கரகரக்கிறது. 82.4 ஹெர்ட்ஸில் இருந்த தந்தியை 65.4க்கு இறக்கினால், முன்பிருந்த விசையில் ஏறத்தாழ 63 சதவீதம்தான் மிஞ்சும். அப்படித் தளர்ந்த தந்தி, அகலமாக ஆடி ஃபிரெட்டுகளில் மோதுகிறது. ஓங்கி மீட்டினால் தொடக்கத்தில் சுருதி ஏறி ஒலித்து, பிறகு தானாக இறங்கிச் சேர்கிறது. அந்த இறக்கம் கேட்பதற்கு ஒரு பெருமூச்சைப் போல இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

தந்தியின் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் மீது போட வேண்டியது.

ஏப்ரல் 2

பி தந்தியைச் சி வரை ஏற்றும்போது அறுந்துவிட்டது. அரைச்சுரம்தான், 12 சதவீதம் கூடுதல் விசைதான், ஆனால் தந்தி பழையது, வியர்வையில் துருப்பிடித்தது. சத்தம் கேட்டு அம்மா உள்ளிருந்து, "என்னடா உடைச்ச?" என்றார். இந்த இரண்டு வாரத்தில் அவர் குரலை உயர்த்திக் கேட்ட முதல் கேள்வி அது என்பதால், தந்தி போனதில் எனக்கு வருத்தமில்லை.

கடையில் 56 தடிமனுள்ள (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) ஒற்றைத் தந்தி கேட்டேன். ஒற்றையாகத் தருவதில்லையாம், கட்டாக வாங்க வேண்டுமாம். என் கிட்டாரில் இருப்பது 12இல் தொடங்கி 53இல் முடியும் கட்டு. 13இல் தொடங்கி 56இல் முடியும் கட்டை வாங்கி, அதிலிருந்து தடித்ததையும் அறுந்ததற்கு மாற்றாக ஒன்றையும் மட்டும் மாட்டினேன். கணக்குப்படி அந்த 63 சதவீத விசை ஏறத்தாழ 70 ஆக வேண்டும். ஆகியிருக்கிறது போலும், இரைச்சல் பாதியாகிவிட்டது. மீதி நான்கு தந்திகள் உறையோடு அலமாரியில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கின்றன.

ஏப்ரல் 5

மாடிவீட்டு வீணை டீச்சர் இறங்கி வந்தார். பத்து நாளாகச் சுருதி சேர்ப்பதை மட்டுமே கேட்கிறேன், பாட்டு எப்போது வரும் என்று கேட்டார். செல்லூரில் எங்கள் தெருவில் எதிர்வீட்டு விசைத்தறி ஓடும் பகற்பொழுதில் அவருக்கு எப்படி இது கேட்டது என்று தெரியவில்லை. கேட்காமலிருக்க முடியாத காது அவருடையது.

ஆறு தந்திகளையும் வரிசையாக மீட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், வீணையில் வாசிக்கும் நான்கு தந்திகளும் ஸ ப ஸ ப என்றே நிற்கும் என்றும், தம்புராவில் பஞ்சமம் வைத்தால் மத்தியமம் இராது, மத்தியம சுருதி வைத்தால் பஞ்சமம் இராது என்றும், இரண்டையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் விட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். கண்டிப்பாக இருந்தாலும் அதில் கோபமில்லை. பஞ்சமமும் மத்தியமமும் அடுத்தடுத்து உரசும் அந்த இடறல்தான் இந்தப் பாட்டின் நிறம் என்று நான் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் இன்றைய செய்தி. "தம்பி, உங்க காந்தாரம் கொஞ்சம் ஏறியிருக்கு." சுருதி காட்டும் டியூனரில் சரியாகக் காட்டுகிறதே என்றேன். டியூனருக்குக் காது இருக்கிறதா என்று கேட்டார். வாதத்துக்கு இடமில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை: ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாக வெட்டும் கிட்டாரின் சமப் பகுப்பில் காந்தாரம், இயற்கையாகத் தம்புராவின் தாழ்ந்த தந்தியிலிருந்து தானே எழும் சுயம்பு காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரம். அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஊசி இடப்பக்கம் சாயும்வரை கடைசித் தந்தியை இறக்கினேன். இடம் மாறாது என்று நான் நம்பியிருந்த ஒரே தந்தி. ஆறும் ஒன்றாக ஒலித்தபோது அறையின் சுவர்கள் கொஞ்சம் நெருங்கி வந்ததைப் போலிருந்தது.

டீச்சர் புறப்படும்போது உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சாப்பாடு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பாடுகிறவன் யார் என்று அம்மா கேட்டார். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1948இல் ரங்கூனில் பிறந்தவர், அப்பா பர்மாவில் மரக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் பிறந்தது அதே ஊரில் 1959இல். ஐந்து வயதில் கப்பலேறி வந்தவருக்கு நினைவில் இருப்பது கப்பலின் இரைச்சலும் ஒரு தகரப் பெட்டியும் மட்டும்தான். அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது.

"அப்ப நம்ம ஊர்ப் பையன்தானே?" என்றார். சிரித்தார். பிறகு, "இப்ப எங்க இருக்கான்?"

இங்கிலாந்தில் என்று சொன்னேன். பொய்யில்லை. 1974 நவம்பரில் இருபத்தாறு வயதில் முடிந்துபோனதைச் சொல்லாமல் விட்டது மட்டும்தான்.

ஏப்ரல் 8

அறிக்கை வந்தது. வாசிக்கவில்லை.

கிட்டாரைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 10

நிக் டிரேக் வாசிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை. வளர்ந்த பிறகு அவர் வாசிக்கும் அசையும் படம் ஒன்றுகூட வெளிவந்ததில்லை. கைபேசியில் கிடைப்பவையெல்லாம் அவரைக் கேட்டுப் பழகியவர்களின் கைகள், ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஒருவர் எல்லாத் தந்திகளையும் விரல் நகத்தால் தடவிச் செல்கிறார், இன்னொருவர் கட்டைவிரலைத் தறிநாடா போல ஒரே சீராக ஓட்டுகிறார். யார் சொல்வதையும் மறுக்க என்னிடம் சான்றில்லை, ஏற்கவும் இல்லை.

ஆகவே ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டேன். 1971 அக்டோபரில், லண்டனில், பகலில் மற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த கூடத்தில், இரண்டே இரவுகளில், ஒலிப்பொறியாளர் ஜான் வுட் ஒருவரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டு இருக்கும் இசைத்தட்டு முழுவதும் பதிவானது. இரவில் எழுந்த இசை என்பதை இரவில் வாசித்தால்தான் உணர முடிகிறது. எனக்கும் இரவு பதினொன்றுக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. தறி நின்றுவிடும், அம்மா மாத்திரையில் உறங்கிவிடுவார், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்தால், கட்டைவிரல் எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்பது தெரிகிறது. ஓங்கி அடிக்கும் கைக்கு இந்தச் சுருதி இணங்காது. தளர்ந்த தந்தியிடம் அதட்டிப் பேச முடியாது.

ஏப்ரல் 12, வெள்ளி

மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றம். தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். கைபேசியிலிருக்கும் டியூனர் செயலி, பக்திப் பாடலின் நாகசுரத்தைப் பிடித்துக்கொண்டு என் தந்திகளைக் கண்டுகொள்ள மறுக்கிறது. கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வும் கிளிப் டியூனருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது காற்றைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை மட்டும் உணர்கிறது. வெளியே என்ன நடந்தாலும் தனக்குள் ஓடுவதை மட்டும் கவனிக்கும் அந்தக் குணத்தை ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடியில் அம்மா வெல்லத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 16

எதுவும் சரியாக வரவில்லை. கேப்போ எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் அழுத்துவதில்லை, தளர்ந்த தடித்த தந்தியை மற்றவற்றைவிட அதிகமாக ஏற்றிவிடுகிறது, ஆகவே கேப்போ இட்ட பிறகு மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது, சேர்த்து முடிப்பதற்குள் வெயிலில் கம்பி நீண்டு இறங்கிவிடுகிறது, மறுபடி சேர்க்கிறேன், அதற்குள் உள்ளிருந்து அழைப்பு வருகிறது, போய்விட்டு வந்தால் எல்லாம் வேறாக இருக்கிறது. வாசிப்பவனாக இல்லாமல் பிருடை திருகும் கூலியாளாக இருக்கிறேன். இந்தப் பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஏப்ரல் பௌர்ணமிக்கு அமெரிக்கப் பஞ்சாங்கங்களில் இளஞ்சிவப்பு நிலவு என்று பெயர், அந்தப் பருவத்தில் பூக்கும் ஒரு காட்டுப்பூவின் நிறத்தை வைத்து. பாட்டும் அதைத்தான் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொழுதில்லை.

24ஆம் தேதி காலை ஏழு மணிக்குள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 19

வாக்களித்தேன். இடக்கை ஆள்காட்டி விரலில் மை. தந்தியை அழுத்தும் முனையில் தோல் காய்த்திருந்ததால் அங்கே மை ஏறவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் திருக்கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அம்மா புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். கை நடுங்கியதால் முடிச்சை நான் போட்டேன். அப்பா படத்துக்கு முன்னால் நின்றிருந்த அந்த நேரத்தில், அப்பா போன பிறகும் அவர் ஏன் கயிற்றை விடவில்லை என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் நான் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்றும் கேட்கவில்லை.

இரவு முக்கால் பாட்டு தடங்கலின்றி வந்தது. பியானோ வரும் இடத்தில் அதை நானும் கிட்டாரில் வாசிக்க முயன்று தடுமாறினேன். அங்கே பியானோவுக்கு இடம்விட்டு, கட்டைவிரலை மட்டும் நடக்க விட வேண்டும்.

ஏப்ரல் 22, இரவு

தல்லாகுளத்தில் எதிர்சேவை, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் விழா. மாலையிலிருந்து தெருவெல்லாம் ஆற்றை நோக்கிப் போகிறது. நாளைக்கு அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று திண்ணைக்குத் திண்ணை பந்தயம் நடக்கிறது. பச்சை என்றால் ஊர் செழிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே எல்லாரும் பச்சை என்றே சொல்கிறார்கள்.

பதினொன்றரைக்கு, இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில், முதல் சுரம் தொடங்கிக் கடைசிச் சுரம் வரை வாசித்துவிட்டேன். தடித்த தந்தி ஒருமுறைகூட இரையவில்லை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது எனக்குத் தெரியாது.

"அவ்வளவுதானா? சின்னப் பாட்டா இருக்கே," என்றார் அம்மா.

அவ்வளவுதான் என்றேன்.

"அந்த ரங்கூன் பையன் இன்னும் பாடுறானா?"

ஏப்ரல் 23, அதிகாலை 3.10

அம்மா எழுந்து, பூப்போட்ட பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆற்றுக்குப் போக வேண்டுமாம். நடக்க முடியாது என்றால், நாற்காலியில் தூக்கிப்போ என்கிறார். எதிர்வீட்டுத் தறிக்காரர்கள் இரண்டு பேரை எழுப்பியிருக்கிறேன். கிட்டாரைப் பழைய சுருதிக்கு மாற்ற நேரமில்லை, கேப்போவை மட்டும் கழற்றி