கார்டை மாற்றினேன், வயரைத் தொடவில்லை

மாடித் தோட்டத்தில் மண் ஈரத்தையும் காற்றின் வெப்பநிலையையும் அளக்க ஒரு சின்ன அமைப்பு வைத்திருக்கிறேன். வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரில் (நிரலை ஓட்டும் சின்னக் கணினிச் சில்லில்) ஓடிக்கொண்டிருந்தது. செடிகளை வைஃபை எட்டாத மூலைக்கு நகர்த்தியபின், அளவுகள் மெமரி கார்டில் பதிவானால் போதும் என்று ஆகிவிட்டது. அதற்கு வைஃபை இல்லாத ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலர் போதும். சாதாரண போர்டு என்றால் எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி மாட்டியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஸ்பார்க்ஃபன் நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த மைக்ரோமாட். சென்சார்கள், யுஎஸ்பி, மெமரி கார்டு ஸ்லாட் எல்லாம் கேரியர் போர்டு என்ற அடிப்பலகையில் இருக்கும். மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் 22 மி.மீ. அகலமுள்ள தனிக் கார்டு.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கார்டு தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். இழுத்துவிட்டு, புதியதை அதே சாய்வில் நுழைத்து, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது. இணைப்பான் எம்.2 வகை. லேப்டாப்பில் எஸ்எஸ்டி போடும் ஸ்லாட் போலவே தெரியும், ஆனால் பின்களின் ஒழுங்கு வேறு. அதை இதிலோ இதை அதிலோ செருகவே கூடாது.

வேலை உண்மையில் நிரலில்தான் இருந்தது. சென்சாரோடு பேசும் ஐ2சி இணைப்பின் இரண்டு வயர்கள் இஎஸ்பி32 கார்டில் 21, 22-ஆம் பின்களுக்கும், ஆர்பி2040 கார்டில் 4, 5-ஆம் பின்களுக்கும் போகின்றன. நிரலில் எண்களுக்குப் பதில் எஸ்டிஏ, எஸ்சிஎல் (ஐ2சி-யின் இரு வயர்கள்), ஏ0 (அனலாக் பின்) என்ற பெயர்களை எழுதியிருந்தால், நிரல் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் போர்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததும் எண்கள் தாமாகவே பொருந்திவிடும். வெப்பநிலை சென்சார் பிஎம்இ280 அப்படித்தான் முதல் முறையிலேயே பேசியது.

மண் ஈர சென்சார் அப்படி இல்லை. அதே தொட்டி, அதே ஈரம், ஆனால் எண் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக வந்தது. ஆர்டுயினோவில் இஎஸ்பி32 இயல்பாக 12 பிட்டில் படிக்கிறது, அதாவது 0 முதல் 4095 வரை. ஆர்பி2040 இயல்பாக 10 பிட், 1023 வரைதான். அனலாக் படிக்கும் பிட் அளவை 12 என்று ஒரு வரியில் சொன்னதும் எண்கள் நெருங்கி வந்தன. ஆனாலும் ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் இஎஸ்பி32-இன் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) இரு முனைகளிலும் நேர்கோடாகப் படிக்காது. அதனால் எண்களை விட்டுவிட்டு மில்லிவோல்ட்டில் ஒப்பிட்டேன். இஎஸ்பி32-இல் அதற்கென்றே திருத்தம் செய்து தரும் ஃபங்ஷன் உண்டு. ஆர்பி2040-க்கு 3300-ஆல் பெருக்கி 4095-ஆல் வகுத்துக்கொண்டேன். அப்புறம்தான் காய்ந்த மண்ணுக்கு என்ன எல்லை, நனைந்த மண்ணுக்கு என்ன எல்லை என்று நம்பிக்கையாகக் குறிக்க முடிந்தது.

வைஃபை பகுதியை இஎஸ்பி32-க்கு மட்டும் கம்பைல் ஆகும்படி இஃப்டெஃப் நிபந்தனைக்குள் வைத்துவிட்டேன். இப்போது இரண்டு கார்டுக்கும் ஒரே நிரல்தான் ஓடுகிறது.