ரிலீஃப் வெட்ட எந்த சாஃப்ட்வேர்? மொதல்ல ஃபைலைப் பாருங்க

கம்ப்யூட்டர் சொல்றபடி கட்டரை ஓட்டுற சிஎன்சி மெஷின்ல ரிலீஃப் கார்விங் (மரத்துல புடைப்பா உருவம் வெட்டுறது) பண்ண கம்மி விலையில நல்ல கேம் (CAM, கட்டர் போற வழியைப் போட்டுத் தர்றது) சாஃப்ட்வேர் எதுன்னு யாராவது கேட்டா நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேக்குறது, மாடல் உங்களுக்கு எங்கிருந்து வருது? ரெடியா இருக்குற எஸ்டிஎல் ஃபைல் (த்ரீடி உருவத்தை குட்டிக்குட்டி முக்கோணமா வச்சிருக்குறது) வாங்கி வெட்டப் போறீங்களா, இல்ல பூ இலை கொடின்னு எல்லாத்தையும் நீங்களே உருவாக்கப் போறீங்களா? இது தெளிவாகாம சாஃப்ட்வேர் பேரா எழுதி வச்சு விலை பாத்துட்டே இருந்தா வருஷம் ஓடிரும், எனக்கு ஓடுச்சு.

ஏன்னா இதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு புடைப்பு உருவத்தை செய்யுறது, இன்னொண்ணு அது மேல கட்டர் எப்படி ஓடணும்னு டூல்பாத் போடுறது. காசு பெரும்பாலும் முதல் வேலைக்குத்தான் போகுது. வெக்ட்ரிக் கம்பெனியோடதையே எடுத்துக்கோங்க, விகார்வ் டெஸ்க்டாப்புக்கும் ஆஸ்பயருக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். ஆனா விகார்வ்லயே வெளிய இருந்து ஒரு எஸ்டிஎல்ல உள்ள கொண்டுவந்து ரஃபிங் (மொதல்ல மரத்தை மொத்தமா எடுக்குறது), ஃபினிஷிங் (கடைசியா நைசா வெட்டுறது) ரெண்டும் போட்ரலாம், உருவத்தை அதுக்குள்ளயே செய்யணும்னாதான் ஆஸ்பயர் வேணும். டெஸ்க்டாப்ல வேலை அளவு 25 இஞ்சுக்கு 25 இஞ்சுன்னு ஒரு வரம்பு இருக்கு, சின்ன மெஷின் வச்சிருக்கவங்களுக்கு அது ஒரு குறையே இல்ல.

மெஷ்கேம்னு ஒண்ணு இருக்கு, அது இன்னும் சிம்பிள், டிசைன் பக்கமே போகாது, எஸ்டிஎல்லோ கிரேஸ்கேல் படமோ (சாம்பல் நிறம் எவ்ளோ வெளுப்போ அதை உயரமா எடுத்துக்குற படம்) குடுத்தா டூல்பாத் போட்டுத் தரும், அவ்ளோதான். பழைய ஆர்ட்கேம் (ரிலீஃப் செய்யுற சாஃப்ட்வேர்) மாதிரி வேணும்னா கார்வ்கோ மேக்கர். 2018ல ஆட்டோடெஸ்க் ஆர்ட்கேமை நிறுத்துனதுக்கு அப்புறம் அதுல இருந்து வந்ததுதான் இது, மாசச் சந்தா. சந்தான்னா எனக்கு கொஞ்சம் அலர்ஜி, எப்பவாவது வெட்டுறவனுக்கு அது தண்டம், தினமும் ஓட்டுறவங்களுக்கு வேணா கணக்கு சரியா வரலாம்.

இலவசத்துல அதே ஆட்டோடெஸ்க்கோட ஃப்யூஷன் சாஃப்ட்வேர் பெர்சனல் லைசன்ஸ் பத்தி பயமுறுத்துவாங்க, 2020ல இருந்து அதுல ரேப்பிட் மூவ் (வெட்டாம நகர்றப்ப முழு வேகத்துல பாயுறது) கிடையாது, ஒரே ஃபைல்ல டூல் மாத்தவும் முடியாதுன்னு. உண்மைதான். ஆனா ரிலீஃப் ஃபினிஷிங்ல கட்டர் மரத்தை விட்டு மேல எந்திரிக்கிறதே அபூர்வம், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி போய் அப்படியே திரும்பி வரும், அங்க ரேப்பிட் இல்லாதது தெரியவே தெரியாது. ரஃபிங்ல மட்டும் கொஞ்சம் நேரம் இழுக்கும். டூலுக்கு ஒரு ஃபைல்னு தனித்தனியா எடுத்துக்கிட்டா போச்சு. ஆனா லட்சக்கணக்குல முக்கோணம் இருக்குற எஸ்டிஎல்ல உள்ள விட்டா கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், அத இப்பவே சொல்லிடுறேன். ஃப்ரீகேட்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர்லயும் த்ரீடி சர்ஃபேஸ் வசதி இருக்கு, பொறுமை இருக்கவங்க பாருங்க, எனக்கு இல்ல.

இப்ப நான் மாட்டுன கதை. ஒரு தாமரை, 300க்கு 200 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் ஆழம், கிரேஸ்கேல் ஜேபெக்ல இருந்து எடுத்தது. வெட்டி முடிச்சு லைட்டை சைடுல அடிச்சுப் பாத்தா இதழ் முழுக்க வரப்பு வரப்பா படிக்கட்டு. சாஃப்ட்வேர் விலை கம்மி, அதான் இப்படின்னு முடிவே பண்ணிட்டேன். ஸ்டெப்ஓவரை (அடுத்தடுத்த ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல விடுற இடைவெளி) 0.3 மில்லிமீட்டர்ல இருந்து 0.15க்கு இறக்கி திரும்ப ஓட்டுனேன், 3 மில்லிமீட்டர் பால்நோஸ் (முனை உருண்டையா இருக்குற கட்டர்), நிமிஷத்துக்கு 2000 மில்லிமீட்டர் வேகம், ஒன்றரை மணி நேரம் சொச்சம் ஓடுனது மூணு மணி நேரம் தாண்டிப் போச்சு, படிக்கட்டு அப்படியே இருக்கு!

அப்புறம்தான் பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன். அந்தப் படம் 8 பிட் (கட்டர் பிட் இல்ல, இது வேற பிட்), மொத்தமே 256 சாம்பல் நிறம். 20 மில்லிமீட்டரை அதுக்குப் பங்கு போட்டா ஒரு படிக்கு 0.08 மில்லிமீட்டர் கிட்ட வருது. பால்நோஸ் ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல விடுற மேடு எவ்ளோன்னா, ஸ்டெப்ஓவரோட வர்க்கத்தை கட்டர் ஆரத்தோட எட்டு மடங்கால வகுக்கணும், 0.3க்கு 0.0075தான் வருது. அதாவது படத்துல இருந்த படி, கட்டர் விடுற மேட்டை விட பத்து மடங்கு உசரம். ஸ்டெப்ஓவரைக் குறைக்கக் குறைக்க அந்தப் படிக்கட்டை இன்னும் சுத்தமா வெட்டிக் குடுத்திருக்கேன், வேற ஒண்ணும் இல்ல. அந்த 8 பிட் படத்தை 16 பிட்டா சேவ் பண்ணாலும் புண்ணியம் இல்ல, இல்லாத உயரம் எங்கிருந்து வரும்?

அதனால ட்ரையல் பாக்குறப்ப டெமோ ஃபைலை ஓட்டிப் பாத்து மயங்காதீங்க, உங்க ஃபைலைப் போடுங்க. மெஷினை ஓட்டுற உங்க கன்ட்ரோலருக்கு, அது ஜிஆர்பிஎல்லோ மாக்3யோ எதுவா இருந்தாலும், போஸ்ட் ப்ராசசர் (டூல்பாத்தை அந்த கன்ட்ரோலருக்குப் புரியுற கோடா மாத்துறது) இருக்கா, அது இல்லன்னா மத்ததெல்லாம் வீண். ஓட்டத்தோட கோணத்தை மாத்த விடுதா, மர நாரோட போக்குக்கு ஏத்த மாதிரி திருப்ப வேண்டி வரும். பெரிய கட்டர் எட்டாத மூலைய மட்டும் சின்ன டேப்பர் பிட் (முனை பக்கம் கூம்பா சிறுத்துப் போற கட்டர்) வச்சு எடுக்க முடியுதா, இது இல்லன்னா மொத்தப் பலகையையும் சின்ன பிட்லயே தேய்க்கணும், 1 மில்லிமீட்டர் முனைக்கு 0.1 ஸ்டெப்ஓவர்னு வச்சா இதே தாமரைக்கு அஞ்சு மணி நேரம். சிமுலேஷன் (வெட்டுனா எப்படி வரும்னு திரையில காட்டுறது) பெரும்பாலும் இருக்கும், ஆனா நல்லா கிட்ட ஜூம் பண்ணிப் பாருங்க, என் படிக்கட்டு அதுலயே தெரிஞ்சிருக்கும், நான்தான் தூரத்துல இருந்து பாத்து ஆஹான்னுட்டேன்.

கடைசியில அந்தத் தாமரையை ப்ளெண்டர்னு த்ரீடி மாடல் செய்யுற சாஃப்ட்வேர்ல முதல்ல இருந்து செஞ்சு எஸ்டிஎல்லா எடுத்து, திட்டித் தீத்த அதே சாஃப்ட்வேர்ல 0.3 வச்சே ஓட்டுனேன், இதழ் வழவழன்னு வந்துச்சு. பழைய படிக்கட்டுத் தாமரை பெஞ்ச் ஆடாம இருக்க காலுக்கு அடியில சொருகி வச்சிருக்கேன்.