பட்டு என்று வந்த பாலியஸ்டர்: பணம் திரும்பி வந்த கதை

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு சேலை எடுத்தேன். ‘அசல் காஞ்சிபுரம் பட்டு, கைத்தறி’ என்று போட்டு, தூய பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் முத்திரையின் படத்தையும் சேர்த்திருந்தார்கள். விலையும் ஒன்றும் அடிமாட்டு விலை இல்லை.

பிரித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. மினுமினுப்பு இருந்தது, கனம் இல்லை. சில்க் மார்க் சீட்டும் இல்லை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடிந்துவிடும். இதுவோ பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டிப்பட்டது. அம்மா எதுவும் சொல்லாமல் சேலையை மடித்து வைத்துவிட்டார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

ரிட்டர்ன் கேட்டால், இந்தப் பொருளுக்கு அது கிடையாது என்றது செயலி. கஸ்டமர் கேரில் பேசியவர் கலர் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்றார். நான் கேட்டது கலரைப் பற்றியே இல்லை. இழையை உருவியதால் அது ‘பயன்படுத்திய சேலை’ ஆகிவிட்டது என்று விற்பனையாளர் பதில் போட்டார்.

பிடி கிடைத்தது பில்லில்தான். ஜிஎஸ்டி பில்லில் பொருளுக்கு நேரே, அது என்ன வகைப் பொருள் என்று காட்டும் ஹெச்எஸ்என் எண் பெரும்பாலும் இருக்கும். பட்டுத் துணி என்றால் 5007 என்று தொடங்க வேண்டும். என் பில்லில் இருந்தது 5407, அதாவது செயற்கை இழைத் துணி. எனக்குப் பட்டு என்று விற்றவர்கள், வரிக் கணக்கில் செயற்கை இழை என்றே எழுதியிருக்கிறார்கள். நான் எரித்துப் பார்த்த இழையை மறுக்கலாம், தங்கள் பில்லை எப்படி மறுப்பார்கள்? காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களின் பெயரை வைத்து இப்படிச் சம்பாதிப்பதை நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டுக்கொள்வதால் இது மாறிவிடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரி தளத்திலேயே இருக்கும். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் இரண்டையும் இணைத்து அவருக்கு எழுதினேன். விற்பனையாளரின் முழு முகவரியையும் கேட்டேன். எழுதிக் கேட்டால் தளம் அதைக் கொடுத்தாக வேண்டும்.

புகார் கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்குமேல் அசைவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தந்த புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி மெயில் போட்ட பிறகுதான் தளத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் பாதிப் பணத்தைக் கூப்பனாகத் தருகிறோம் என்றார்கள். முடியாது என்றேன். பிறகுதான் சேலையை எடுத்துக்கொண்டு முழுப் பணமும் தர ஒப்புக்கொண்டார்கள்.

சேலையை எடுக்க ஆள் வந்தபோது, பொட்டலம் கட்டுவதை வீடியோ எடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். வேறு பொருளை அனுப்பிவிட்டீர்கள் என்று பின்னால் சொல்ல இடம் தரக் கூடாது. முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்தது. வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

அந்த விற்பனைப் பக்கம் சில்க் மார்க் படத்தோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் என் பில்லையும் சேர்த்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.