வாஷிங் மெஷினில் வாடை எங்கிருந்து வருகிறது?

துவைத்துக் காய்ந்த துண்டில் முகம் துடைக்கும்போது மக்கல் வாடை அடித்தால், துண்டை மறுபடி ஊறவைத்துப் பயனில்லை. வாடை மெஷினுக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற எவர்சில்வர் டிரம் எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். அதைச் சுற்றி இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் கரையாத சோப்பு, துணியின் எண்ணெய்ப் பிசுக்கு, பஞ்சு எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று படியும். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் வளரும். சில நாள் துணியில் கறுப்புச் செதில்கள் ஒட்டி வருமே, அது இந்தப் படலம் உரிந்து வருவதுதான்.

நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்று சோப்பை அள்ளிப் போடுவதுதான் முதல் காரணம். கடைசி அலசலிலும் நுரை மிதந்தால் அளவு அதிகம் என்று பொருள். அடுத்த முறை கால்பங்கு குறையுங்கள். கை துவையலுக்கான தூளை மெஷினில் போடவே வேண்டாம், நுரை அடங்காது. வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் இன்னும் மோசம். சோப்பும் அதுவும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை என்பதால், ஒன்றோடொன்று சேர்ந்தால் மெழுகு போலத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். துண்டுகளுக்கு அது தேவையே இல்லை. ஈரம் உறிஞ்சும் தன்மையைத்தான் கெடுக்கும்.

படிந்ததைக் கழற்ற வெந்நீர் வேண்டும். ஃப்ரண்ட் லோடு மெஷினில் மாதம் ஒருமுறை துணி போடாமல், 'டப் கிளீன்' அல்லது 60 டிகிரிக்கு மேல் உள்ள காட்டன் புரோகிராமை முழுதாக ஓட்டுங்கள். டாப் லோடு பலவற்றில் ஹீட்டர் கிடையாது. வாளியிலேயே வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, 50 டிகிரியைத் தாண்டாமல் டப்பின் உச்ச அளவு வரை ஊற்றி, குளோரின் இல்லாத ஆக்ஸிஜன் ப்ளீச் தூள் 200 கிராம் போடுங்கள். 5 நிமிடம் சுழலவிட்டு நிறுத்தி, 2 மணி நேரம் ஊறட்டும். மறுபடி சுழலவிட்டால் கறுப்புத் துணுக்குகள் மேலே மிதந்து வரும். டீ வடிகட்டியால் அவற்றை அரித்தெடுத்த பிறகு தண்ணீரை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் வடிகுழாயில் போய் அடைக்கும். பிறகு வெறும் தண்ணீரில் 2 முறை அலசிவிடுங்கள்.

போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் வேறொரு தொல்லை: கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளையாகப் படியும். ஹீட்டர் கம்பியில் படிந்தால் தண்ணீர் சூடாக நேரமாகும், கரண்டும் வீணாகும். 3 மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் ஆசிட் 100 கிராமை டிரம்மிலேயே போட்டு 60 டிகிரியில் ஓட்டலாம். அதற்கு மேல் சூடு வைக்க வேண்டாம். கால்சியம் சிட்ரேட் சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். சிட்ரிக் ஆசிட் போடும் நாளில் குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாக ஊற்றச் சொல்லும் யோசனை பொங்கிப் பொங்கி அழகாகத் தெரியும், ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வேலை செய்யாமல் போகும்.

ஃப்ரண்ட் லோடில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரலால் பிரித்துப் பாருங்கள். முடி, நூல், ஹேர்பின், தேங்கிய தண்ணீர் எல்லாம் அங்கே இருக்கும். மடிப்பின் அடியில் உள்ள சிறு துளைகள் அடைபட்டால் தண்ணீர் இறங்காது. கடைசித் துவையல் முடிந்ததும் பழைய துணியால் மடிப்பைத் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் உள்ளே ஏறிவிடாமல் கவனம் தேவை. சோப்பு டிராயரையும் முழுதாகக் கழற்றிக் கழுவ வேண்டும். அது உட்காரும் குழியின் மேற்கூரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கே கறுப்புப் பூஞ்சை இருப்பது பலருக்குத் தெரியாது.

முன்பக்கம் கீழே மூலையில் இருக்கும் சிறு மூடிக்குள் டிரெயின் ஃபில்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, தட்டையான தட்டு ஒன்றை அடியில் வைத்துத் திருகுங்கள்; ஒன்றிரண்டு லிட்டர் வரும். சில்லறை, பட்டன் எடுத்த பிறகு உள்ளே இருக்கும் சின்ன விசிறியை விரலால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் அசைய வேண்டும்.

இத்தனையும் செய்து வாடை போகவில்லை என்றால் டிரெயின் ஹோஸைப் பாருங்கள். சாக்கடைக் குழாய்க்குள் இடைவெளியே இல்லாமல் செருகியிருந்தால் அந்த வாடைதான் மெஷினுக்குள் ஏறுகிறது. ஹோஸை வெளியே இழுத்து, நுனி கழிவுநீரைத் தொடாதபடி கட்டுங்கள்.